முதல் அழைப்பு ரஸியாவுக்கு

1

சௌமியா, கோகுல், நீங்கள் ரெண்டு பேரும் இதைச் சேர்ந்து உட்கார்ந்து படிக்கப் போவதில்லை என்று தெரியும். ஒருத்தி பெங்களூரில், ஒருத்தன் கோயமுத்தூரில். அவரவர் போனில், அவரவர் வேலைக்கு நடுவே பார்ப்பீர்கள். பரவாயில்லை. கடைசி வரை படியுங்கள் சாமி, அது போதும். குடும்ப குரூப்பில் நான் எதைப் போட்டாலும் கோகுல் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுகிறான். இதற்கு அது வேண்டாம்.

போன வாரம் சௌமியா போனில் கேட்டாள்.

"அப்பா, அம்மாவோட கிளாஸுன்னு சொன்னாலே உங்க குரல் மாறிப்போகுது. அம்மா நல்லாருக்கறது உங்களுக்குப் புடிக்கலைங்களா?"

"நெட்டு சரியில்ல அம்மிணி, அப்பறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன். நெட்டு நன்றாகத்தான் இருந்தது. பதில்தான் வரவில்லை. எழுதினால் வருமா என்று பார்க்கிறேன்.

உங்கள் அம்மா நன்றாக இருப்பது எனக்குப் பிடிக்காமல் இல்லை. எனக்குப் பொறாமையாக இருக்கிறது. அஸ்தம்பட்டியில் அந்த வகுப்பில் அவளோடு வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்களே, அத்தனை பேர் மேலும் பொறாமை. அதிலும் முதலில் ரஸியா மேல்.

2

இங்கே லுசாக்காவில் என் பொழுது உங்களுக்குத் தெரிந்ததுதான். காலையில் போர்வெல் கம்பெனி யார்டைத் திறப்பேன். எந்த ரிக் எந்த ஊரில் நிற்கிறது, எதற்கு ஹோஸ் போய்விட்டது, எந்த கம்ப்ரசர் சத்தம் சரியில்லை என்று பார்ப்பேன். சாயங்காலம் ரசம் வைத்து, சோறு வடித்து, தனியாகச் சாப்பிடுவேன். நடுவில் ஒரு நாள் பர்மிட் புதுப்பிக்கிற ஆபீசுக்குப் போய் வரிசையில் உட்கார்ந்திருப்பேன். இந்தத் தடவை கவுண்டரில் இருந்த பெண், "மனைவி எங்கே வசிக்கிறார்?" என்று கேட்டாள். எத்தனையோ வருஷமாக எழுதிக் கொடுக்கிற பதில்தான். ஆனாலும் "ஊட்டுல" என்று தமிழில் சொல்லிவிட்டேன். அவள் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். அப்புறம்தான் இங்கிலீஷில் இந்தியா என்றேன்.

நான் வந்த புதிதில் இப்படி யார்டில் உட்கார்ந்த வேலை கிடையாது. காட்டுக்குள் ரிக் போகும், நாங்கள் கூடவே போவோம். கேம்ப்பில் சிக்னல் இருக்காது. இந்த ஊர்க் கரையான் புற்று ஓட்டு வீட்டு உயரத்துக்கு இருக்கும், அதன் மேல் ஏறி நின்றால் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை ஆனால் நம் பக்கத்து ஆட்கள் எல்லாரும் முறை வைத்து ஏறுவோம். மற்றவர்களுக்கு வீட்டில் இருந்து வருகிற பேச்சு ஒரே மாதிரி இருக்கும். பணம் வந்துருச்சா, பையனுக்குக் காய்ச்சல், சரி வெச்சரட்டுங்களா. எனக்கு அப்படி இல்லை. உங்கள் அம்மா சில வாரங்களில் பேச ஆரம்பித்தால் பேட்டரி தீர்கிற வரை பேசுவாள்.

"மாமா, நேத்து ராத்திரி பூரா உங்களையே நெனச்சுக்கிட்டு ஊட்டைச் சுத்திச் சுத்தி வந்தேனுங்க. நிலா இருந்துச்சு. நீங்க அங்கிருந்து பாத்தீங்களா?" என்பாள். கல்யாணத்துக்கு முன்னால் பெண் பார்க்க வந்தபோது நான் காபியைக் கீழே சிந்தினதைச் சொல்லிச் சிரிப்பாள். பாடுவாள். "நீங்க வந்துருங்க மாமா, நாம பின்னாடி காட்டுல கோழிப்பண்ணை வெச்சுக்கலாம். கொத்தனாரை வரச் சொல்லிட்டேன்" என்பாள். கீழே நிற்கிறவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

"அண்ணனுக்கு மட்டும் ஊட்டுல இருந்து படமே ஓட்டறாங்க. எங்களுக்கெல்லாம் விளம்பரம்தான்."

எனக்குப் பெருமையாக இருக்கும். இறங்கி வந்து அந்த வாரம் முழுக்க ராடு மாட்டும்போதெல்லாம் அவள் பேசினதே காதில் ஓடும். இவ்வளவு ஆசை வைத்திருக்கிற பெண்டாட்டி இந்தக் கேம்ப்பில் வேறு எவனுக்கும் இல்லை என்று நினைத்துக்கொள்வேன்.

கோழிப்பண்ணைக்கு நிஜமாகவே கொத்தனார்கள் வந்து நின்றதும், அவள் பல ராத்திரியாகத் தூங்காமல் இருந்ததும், சேலத்து ஆஸ்பத்திரியில் சேர்த்ததும், டாக்டர் பைபோலார் என்று பெயர் சொன்னதும் உங்களுக்குத் தெரியும். சௌமியாவுக்கு அப்போது பள்ளிக்கூட வயசு. மனசு ஒரேயடியாக மேலே ஏறும், அப்புறம் ஒரேயடியாகக் கீழே இறங்கும், வாழ்நாள் முழுக்க மாத்திரை எடுக்க வேண்டும் என்றார்கள். அவள் கீழே இறங்கியிருக்கிற மாதங்கள் எனக்குத் தெரியும். போனில் "ம்" என்பாள், அவ்வளவுதான். அதுதான் நோய் என்று வைத்துக்கொண்டேன். பாடுகிறவள், சிரிக்கிறவள் என் ஜோதிமணி, ஊமையாகக் கிடக்கிறவள் நோயாளி என்று என் மனசில் ஒரு பாத்தி கட்டி வைத்திருந்தேன்.

3

இந்தத் தடவை லீவில் வந்தபோது அவள் அந்த வகுப்பில் சேர்ந்திருந்தாள். சனிக்கிழமை தோறும் மல்லசமுத்திரத்தில் இருந்து பஸ் ஏறி, சேலத்தில் மாறி, அஸ்தம்பட்டிக்குப் போவாள். முதல் சனிக்கிழமை நானும் கூடப் போனேன். ஏற்காடு ரோட்டில் ஒரு கிளினிக்கின் மாடி. வாசல் வரை வந்தவள் நின்றுகொண்டாள்.

"நீங்க கீழ டீக்கடையில இருங்க. உள்ள நோயாளிங்க மட்டுந்தான்."

"நான் உன் ஊட்டுக்காரன்."

"ஆமாங்க. அதனாலதான்."

டீக்கடையில் உட்கார்ந்தேன். ரோட்டில் டூவீலர்களாகப் போய்க்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தையும் தாண்டி மாடியில் இருந்து சிரிப்பு கேட்டது. பத்துப் பேர் சிரித்தாலும் உங்கள் அம்மாவின் சிரிப்பு எனக்குத் தனியாகத் தெரியும். என்னோடு வருகிற வழியில் அவள் சிரிக்கவே இல்லை. ஆட்டோவுக்குச் சில்லறை இருக்கிறதா என்றுதான் பேசிக்கொண்டு வந்தோம்.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன்.

"அப்படி என்ன சிரிப்பு?"

"அது ஒண்ணுமில்லீங்க, வாழப்பாடிக்காரரு ஒருத்தரு சொன்னது."

"என்ன சொன்னாரு?"

"உள்ள பேசினதை வெளிய சொல்லக் கூடாதுங்க மாமா. அப்படித்தான் பேசி வெச்சிருக்கோம்."

"நான் வெளியா?"

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். ஆட்டையாம்பட்டியில் பஸ் நின்றது. இறங்கிப் போய் முறுக்கு வாங்கி வந்து அவள் மடியில் வைத்தேன். "ரஸியாவுக்கு இது ரொம்பப் புடிக்கும்" என்று சொல்லி, பாதியைப் பைக்குள் எடுத்து வைத்துக்கொண்டாள்.

ரஸியா என்ற பெயரை நான் கேட்டது அப்போதுதான். அயோத்தியாப்பட்டணத்துப் பெண். வீட்டுக்காரருக்கு சேலம் கடைவீதியில் வளையல் கடை. அந்தப் பெண்ணுக்கும் இதே நோய்.

வகுப்பில் என்ன சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று மட்டும் சொல்லலாமாம், அதைச் சொன்னாள். மாத்திரையை டாக்டர் பார்த்துக்கொள்வார். அதை யாரும் தானாக நிறுத்தக் கூடாது. மற்றபடி ஒவ்வொருத்தரும் தன் நோயைத் தானே கவனிக்கப் பழகுகிறார்கள். தூக்கம் குறைகிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். ஏறுவதற்கு முன்னால் தனக்கு என்ன வருகிறது, இறங்குவதற்கு முன்னால் என்ன வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒருத்தருக்கு இருப்பது இன்னொருத்தருக்கு இருக்காதாம். வகுப்பு நடத்துகிற சந்திரா மேடத்துக்கும் இந்த நோய் உண்டு. பல வருஷமாக அதோடு குடித்தனம் நடத்துகிறவர்.

இத்தனை வருஷம் அந்தக் கவனிப்பு என் வேலையாக இருந்தது. கடல் தாண்டி இருந்தாலும் தினமும் "மாத்திரை போட்டியா?" என்று கேட்டவன் நான். இப்போது பஸ்ஸில் வந்து போகிற பத்துப் பேர் அதை எடுத்துக்கொண்டார்கள்.

4

நான் கிளம்புவதற்கு முந்தின சனிக்கிழமை வீட்டு ஆட்களையும் உள்ளே விட்டார்கள். சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன். பிளாஸ்டிக் நாற்காலிகள் வட்டமாகப் போட்டிருந்தது. ஒவ்வொருத்தரும் எழுந்து தனக்கு வருகிற முதல் அடையாளத்தையும், அப்போது வீட்டு ஆட்கள் என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும்.

வாழப்பாடிக்காரர் முதலில் எழுந்தார். காய்கறி மண்டி வைத்திருக்கிறவர், பழனிவேல் என்று பெயர்.

"எனக்கு ஏறுதுன்னா புது லாரி வாங்கறதப் பத்திப் பேசுவேன். ஆனா எங்க வீட்டம்மா அது வரைக்கும் காத்திருக்க மாட்டா. நான் தலைக்கு டை அடிச்சாலே டாக்டருக்குப் போன் போட்டுர்றா."

"நரைச்ச தலையோட இருங்களேன், யாரு கேட்டா?" என்றார் பக்கத்தில் இருந்த அவர் மனைவி. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அடுத்து உங்கள் அம்மா எழுந்தாள். முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டாள்.

"எனக்கு முதல் அடையாளம் எங்க ஊட்டுக்காரருக்குப் போன் போடறதுங்க" என்றாள். "சும்மா போடறதில்ல. வெக்கவே மனசு வராது. பழசெல்லாம் ஞாபகம் வரும். அவுரு மேல ஆசையா வரும். பாட்டு வரும். அது வந்து ரெண்டு மூணு நாள்ல தூக்கம் போயிரும். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் ஆரம்பிச்சிருக்கு. இங்க வந்து யோசிச்சதுக்கு அப்பறந்தான் கண்டுபுடிச்சேன்."

யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் தலையாட்டினார்கள், ரொம்ப நாளாகத் தெரிந்த விஷயம் போல. ரஸியா, பர்தா தலைப்பைச் சரிசெய்துகொண்டு, அவளைப் பார்த்து மெல்லச் சிரித்தாள். எனக்குத் தெரியாத ஒன்று அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. அதுவும் என் சங்கதி.

"அப்ப என்ன செய்யறதா முடிவு பண்ணியிருக்கீங்க, ஜோதி?" என்று சந்திரா மேடம் கேட்டார்.

"அப்படிப் பேசணும்னு தோணுச்சுன்னா மொதல்ல ரஸியாவுக்குப் போடுவேனுங்க. அவ என் குரலைக் கேட்டுச் சொல்லுவா. தேவைன்னா டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போவா. அதை மறந்துட்டு அவுருக்கே போட்டுட்டேன்னா, அவுரு என்னை ரஸியாகிட்ட அனுப்பணும். பேச்சை வளத்தக் கூடாது."

மேடம் என் பக்கம் திரும்பினார். "சரிங்களா சார்? உங்களால முடியுமா?"

"பாக்கலாங்க" என்றேன்.

அந்த 'பாக்கலாங்க'தான் உங்கள் காதுக்கு வந்து, அப்பா வகுப்பில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார் என்று ஆனது. வேறு எப்படி வைத்துக்கொள்வது? புற்றுமேட்டில் நின்று கேட்டதை எல்லாம் இத்தனை வருஷம் எனக்கென்று வைத்திருந்தேன். அது முழுக்க நோயின் வாசல்படி என்று ஒரு மாடியில், பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு நடுவே, என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே சொல்லிவிட்டாள். இனிமேல் அது வந்தாலும் ரஸியாவுக்குத்தான் முதலில் போகும்.

டீ குடிக்கிற நேரத்தில் ரஸியா என்னிடம் வந்தாள்.

"கோவமாண்ணே?"

"எனக்கென்னம்மா கோவம்."

"எங்க வீட்லயும் இதே கதைதாண்ணே. எனக்கு ஏறுச்சுன்னா கடையில போய் உக்காந்துருவேன். வர்ற பொம்பளைங்க ஒருத்தரையும் விடமாட்டேன், பேசியே ஆளுக்கு ரெண்டு டஜன் வளையல் போட்டு அனுப்புவேன். அவருக்கு அவ்வளவு சந்தோஷம். பொண்டாட்டி நல்லா தேறிட்டான்னு எல்லார்கிட்டயும் சொல்லுவாரு. இப்ப நான் நல்லாருக்கேன், வியாபாரம் மந்தமா இருக்குதுன்னு அழுவறாரு."

சிரிப்பு வந்தது. ஆனால் அவளுக்கு முன்னால் சிரிக்கக் கூடாது என்று டீயைக் குடித்தேன்.

5

திரும்பும்போது பஸ் ஆட்டையாம்பட்டியில் நின்றது, நான் இறங்கவில்லை. அவளே ஆரம்பித்தாள்.

"ஏனுங்க, முறுக்கு வாங்கலைங்களா?"

"உன் ரஸியாவை வாங்கித் தரச் சொல்லு."

"பொறாமைங்களா மாமா?"

"எனக்கென்ன பொறாமை."

"இருந்தா இருக்கட்டுங்க. எனக்காக இதுவரைக்கும் யாரும் பொறாமைப்பட்டதில்ல."

கொஞ்சம் தள்ளிப் போனதும் நான் கேட்டே விட்டேன்.

"அப்ப அந்தப் பேச்செல்லாம்? ஆசையின்னு சொன்னியே, அதெல்லாம் பொய்யா?"

கண்டக்டர் விசில் அடித்து, பஸ் நகர்ந்த பிறகு சொன்னாள்.

"பொய்யின்னு யாரு சொன்னா? ஆசை இருக்குதுங்க. சாதாரணமா இருக்கறப்ப அதைச் சொல்லத் தெரியறதில்ல. ஏறறப்ப வாய் வந்துருது. ஆனா அந்த வாய்க்கு நான் குடுக்கற விலையை நீங்க பாக்கறதில்ல மாமா. நீங்க அந்தப் பக்கம் போனை வெச்சுப்போட்டுப் போயிருவீங்க. ஆஸ்பத்திரிக்கு நாந்தான் போறேன்."

ஆனால் பொறாமை குறைந்ததா என்றால் இல்லை. நியாயம் அவள் பக்கம் இருக்கிறது என்று தெரிந்த பிறகு இன்னும் கூடிவிட்டது. தப்பு அவள் மேல் இருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

6

திரும்பி லுசாக்கா வந்த பிறகு பேச்சு அளவாக ஆகிவிட்டது. சாப்டீங்களா, மழை வந்துச்சா, மாத்திரை போட்டுட்டேன், தூங்கப் போறேனுங்க. கேம்ப்பில் மற்றவர்களுக்கு வந்துகொண்டிருந்த அதே பேச்சு இப்போது எனக்கு. நல்லபடியாக இருக்கிறாள், அதனால் இப்படிப் பேசுகிறாள். இதைக் கேட்டுச் சந்தோஷப்பட வேண்டும். சந்தோஷமாகத்தான் இருந்தது. வைத்த பிறகு ரசத்தை மறுபடியும் சூடு பண்ணிக்கொண்டு, இப்போது ரஸியாவிடம் என்ன பேசிக்கொண்டிருப்பாள் என்று யோசிப்பேன்.

ரம்ஜானுக்கு ரஸியா வீட்டில் இருந்து பிரியாணி வந்ததை நீங்கள் ரெண்டு பேரும் குரூப்பில் போட்டோ போட்டீர்கள். ஊருக்கு வந்த பிள்ளைகள் அப்பா இல்லாத வீட்டில் அந்தப் பெண்ணோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறீர்கள். அவள் உங்கள் அம்மா தோளில் கை போட்டிருந்தாள். "அப்பா, மிஸ் பண்ணிட்டீங்க" என்று கோகுல் எழுதியிருந்தான். அன்றைக்கு நான்தான் கட்டைவிரலைப் போட்டேன்.

7

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இங்கே காலை நேரம், அங்கே மத்தியானம். டீத்தண்ணி அடுப்பில் இருந்தது. உங்கள் அம்மாவிடம் இருந்து போன் வந்தது. அது அவள் கூப்பிடுகிற நேரம் இல்லை.

"மாமா, என்ன பண்ணிக்கிட்டிருக்கீங்க? எனக்கு இன்னிக்கு என்னமோ உங்க ஞாபகமாவே இருக்குதுங்க."

எத்தனை மாதம் ஆயிற்று அந்தக் குரலைக் கேட்டு. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். அவள் பேசினாள். பக்கத்துக் காட்டில் மரவள்ளி நட்டது, சௌமியாவுக்கு மாப்பிள்ளை பார்க்கணும் என்பது, கோகுல் சின்ன வயசில் டிராக்டருக்குப் பெயர் வைத்தது. ஒன்றை முடிக்காமல் அடுத்ததுக்குத் தாவினாள். வார்த்தைகள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு வந்தன. எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன். அவளும் என்னைக் கூப்பிடுவதற்கு முன்னால் ரஸியாவைக் கூப்பிடவில்லை என்பது ஒரு பக்கம் இனிப்பாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

"நேத்து தூங்கினியா ஜோதி?"

"தூக்கம் எதுக்குங்க, அதை உடுங்க. நாம கல்யாணம் ஆன புதுசுல ஏற்காடு போனமே, நான் என்ன சேலை கட்டியிருந்தேன், சொல்லுங்க பாக்கலாம்?"

சொல்லியிருந்தால் அன்றைக்குப் பூராவும் பேசியிருப்பாள். எனக்கு வேறு வேலையும் இல்லை.

"ஜோதி, ரஸியாகிட்டப் பேசு."

"நெசமாவா சொல்றீங்க?"

"ஆமா."

"நான் நல்லாத்தானுங்க இருக்கறேன். சந்தோஷமா இருந்தாக் கூடாதா?"

"இருக்கலாம். ரஸியாகிட்டப் பேசிட்டு வா."

"கொஞ்ச நேரம் மாமா. சேலையை மட்டும் சொல்லுங்க, வெச்சர்றேன்."

"மொதல்ல அவகிட்டப் பேசு" என்று சொல்லி நானே வைத்துவிட்டேன். கல்யாணம் ஆனதில் இருந்து அவள் பேசிக்கொண்டிருக்கும்போது நான் போனை வைத்தது அதுதான் முதல் தடவை.

அவள் ரஸியாவுக்குப் போட்டிருக்கிறாள். ரஸியா அன்று சாயங்காலமே பஸ் ஏறி நம் வீட்டுக்கு வந்து அவளோடு தங்கியிருக்கிறாள். மறுநாள் ரெண்டு பேரும் டாக்டரிடம் போனார்கள். ரத்தம் எடுத்துப் பார்த்து மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்கள். அந்த வாரக் கடைசியில் தூக்கம் திரும்பிவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வரவில்லை. நீங்கள் ரெண்டு பேரும் "அம்மா இந்த வாரம் செம ஜாலி" என்று எழுதிக்கொண்டிருந்தீர்களே, அந்த வாரம்தான். உங்களையும் குறை சொல்லவில்லை. எனக்கும் அது ஜாலியாகத்தான் இத்தனை வருஷம் தெரிந்தது. அவள் குரல் அப்படி ஆனால் இனி என்ன செய்ய வேண்டும் என்று நீங்களும் தெரிந்துகொள்ள வேண்டும், அதற்காகவும் எழுதுகிறேன்.

இப்போது உங்கள் அம்மா பழையபடி அளவாகப் பேசுகிறாள். அன்றைக்கு நான் வைத்ததைப் பற்றிக் கோபிக்கவும் இல்லை, நன்றி சொல்லவும் இல்லை. சேலையைப் பற்றியும் மறுபடி கேட்கவில்லை. ரஸியாவிடம் என்ன பேசினாய் என்று நான் கேட்டேன். "அது எங்களுக்குள்ளங்க" என்றாள். சௌமியா, நீ கேட்டதற்குப் பதில் இதுதான். அவள் நன்றாக இருக்கிறாள், எனக்குப் பிடித்திருக்கிறது, பொறாமையும் இருக்கிறது. மூன்றும் ஒன்றாக இருக்கிறது.

அன்றைக்குப் போனை வைத்த பிறகு அடுப்பை அணைத்தேன். டீத்தண்ணி சுண்டிப் போயிருந்தது. யார்டில் யாரும் இல்லை, ஞாயிற்றுக்கிழமை. வாட்ச்மேன்கூட சர்ச்சுக்குப் போயிருந்தான். சமையல்கட்டில் நின்றுகொண்டு, கையில் இருந்த அணைந்த போனைக் காதில் வைத்து, "கத்திரிப்பூக் கலரு ஜோதி. கரை பச்சை. பஸ்ஸுல ஜன்னலோரம் உக்காந்திருந்தியா, முந்தானை வெளிய பறந்து, பின்னாடி ஜன்னல்ல இருந்த பெரியவரு புடிச்சுக் குடுத்தாரு" என்று மெதுவாகச் சொல்லி முடித்தேன்.